விடாத குமட்டல், வாந்தி, எடையும் குறைகிறது. எண்டோஸ்கோப்பியில் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்து எதைப் பார்ப்பது?

நிழற்குடை:

என் அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 47. சர்க்கரை நோய் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறது. கடந்த அரை வருடமாகக் குமட்டல் விடவே இல்லை, வாரத்தில் மூன்று நான்கு நாள் வாந்தியும் வருகிறது. 62 கிலோ இருந்தவர் இப்போது 54. எடை குறைக்க அவராக எதுவும் செய்யவில்லை. நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுகிறார்.

எண்டோஸ்கோப்பி பார்த்தாயிற்று, லேசான இரைப்பை அழற்சி என்றார்கள். வயிற்று ஸ்கேன் நார்மல். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை கொடுத்து, "கேஸ் ட்ரபிள், டென்ஷனைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பாதிப் பேர் எல்லாம் மனசுதான் காரணம் என்கிறார்கள், அக்காவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஒப்பவில்லை. வேறு என்னென்ன காரணங்கள் இருக்கலாம், எந்த டாக்டரைப் பார்ப்பது? இதை அனுபவித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ரேடியோ:

நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது இங்கே யாராலும் ஆகாது. ஆனால் டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று சொல்ல முடியும். நான் பல வருடம் வார்டில் வேலை பார்த்தவன், அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடை. யாரும் முயற்சி செய்யாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவத்தில் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. உங்கள் அக்காவுக்குக் கிட்டத்தட்ட 13 சதவீதம் போயிருக்கிறது. இதைக் கேஸ் என்று சொல்லி மூட முடியாது.

அடுத்து, வாந்தி எடுக்கிறார் என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கும் ஒன்றும் பிடிபடாது. சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வருகிறது, வெளியே வருவது என்ன, கஷ்டப்பட்டு வருகிறதா தானாக வருகிறதா, இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே, குமட்டல் எதுவும் இல்லாமல், சாப்பாடு அலட்டாமல் வாய்க்குத் திரும்பி வந்தால் அது உண்மையில் வாந்தியே இல்லை. ருமினேஷன் என்று ஒரு கோளாறு உண்டு, அடிவயிற்றால் மூச்சு விடும் பயிற்சிதான் அதற்கு முக்கிய வைத்தியம். விழுங்கும்போதே நெஞ்சில் நிற்கிற மாதிரி இருந்து, வெளியே வருவதில் புளிப்பே இல்லை என்றால் சாப்பாடு இரைப்பைக்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அது உணவுக்குழாயின் கீழ்வாசல் சரியாகத் திறக்காத அகலேசியாவாக இருக்கலாம். திட உணவு, தண்ணீர் இரண்டுமே சிக்கும், படுத்தால் இருமல் வரும்.

சாப்பிட்டுப் பல மணி நேரம் ஆன பிறகு, காலையில் சாப்பிட்டது சாயங்காலம் கிட்டத்தட்ட அப்படியே வந்தால் விஷயம் வேறு. ஒன்று, இரைப்பையின் வெளிவாசலில் அடைப்பு இருக்கிறது (பழைய அல்சர் ஆறிய தழும்பு, அரிதாகக் கட்டி). இல்லையென்றால் அடைப்பு எதுவும் இல்லாமலே இரைப்பை மெதுவாக வேலை செய்கிறது. நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களிடம் இந்த இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் இரைப்பையை இயக்கும் நரம்புகளைச் சர்க்கரை மெல்லக் கெடுக்கும். கேஸ்ட்ரோபரேசிஸ் என்பார்கள். நாலு வாயிலேயே வயிறு நிறைவது அதோடு அப்படியே பொருந்துகிறது.

காலையில் எழுந்ததும் வருகிற வாந்திக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. கர்ப்பம் (47 வயதில் அதெல்லாம் இல்லை என்று யாரும் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள், செலவில்லாத எளிய டெஸ்ட்), சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கழிவு சேர்வது, மது, அப்புறம் மண்டைக்குள் அழுத்தம் கூடுவது. கடைசியாகச் சொன்னதில் தலைவலி படுத்திருக்கும்போது அதிகமாக இருக்கும், இருமினால் தும்மினால் கூடும், பார்வை மங்கலாம். கண் டாக்டர் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தே முதல் துப்பு கொடுத்துவிடுவார். வயிறு வயிறு என்று அலைந்துவிட்டுக் கடைசியில் தலையில் வந்து நின்ற கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன், அதிகம் இல்லை, ஆனாலும் மறக்க முடியாதவை.

நல்லா இருந்துவிட்டுத் திடீரென்று சில மணி நேரமோ சில நாளோ அடுக்கடுக்காக வாந்தி, பிறகு வாரக்கணக்கில் ஒன்றுமே இல்லை என்றால் சைக்ளிக் வாமிட்டிங். ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம், அவர்கள் குடும்பங்களில் கூடுதலாகப் பார்க்கலாம். இதே மாதிரி வந்து, சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் அடங்குகிறது என்றால் கஞ்சா பழக்கம் உண்டா என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கஞ்சாவே வாந்தியை நிறுத்தும் என்று நம்பி இன்னும் அதிகமாகப் புகைப்பவர்கள் உண்டு, 2004இல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் இதை எழுதும்வரை அப்படி ஒன்று இருப்பதாகவே பெரும்பாலோருக்குத் தெரியாது. உங்கள் அக்காவுக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறேன், ஆனால் இதைத் தேடி வருகிற வேறு யாருக்காவது உதவும்.

எண்டோஸ்கோப்பி பற்றி ஒரு வார்த்தை. அது உள்சுவரைப் பார்க்கிறது, அவ்வளவுதான். புண், கட்டி, அழற்சி தெரியும். இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று அதில் தெரியாது. முன்சிறுகுடலின் தொடக்கப் பகுதியோடு குழாய் நின்றுவிடும், அதற்குக் கீழே இருப்பதும் தெரியாது. கணையமும் தெரியாது, வயிற்று ஸ்கேனிலும் குடல் வாயு மறைத்தால் கணையம் சரியாகத் தெரியாது. ரிப்போர்ட்டை எடுத்து, முடிவு வரியை மட்டும் பார்க்காமல் முழுக்கப் படியுங்கள். இரவெல்லாம் பட்டினி இருந்தும் இரைப்பையில் உணவு மிச்சம் கிடந்தது என்று நடுவில் எங்காவது எழுதியிருக்கிறதா? இருந்தால் அது முக்கியமான வரி.

அப்புறம், எல்லா மருந்துகளின் பட்டியலையும் இங்கே போடுங்கள், சத்து மாத்திரை உட்பட.

தும்பி:

எனக்கு கேஸ்ட்ரோபரேசிஸ் இருக்கிறது, சர்க்கரையால் வந்ததில்லை, ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு ஆரம்பித்தது. மேலே சொன்னதோடு, இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று பார்க்கிற டெஸ்ட் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் நிறைய இடங்களில் அரைகுறையாகச் செய்கிறார்கள்.

மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருள் கலந்த திட உணவைக் கொடுத்து, அது இரைப்பையிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று நேரம் விட்டு விட்டுப் படம் எடுப்பார்கள். நாலு மணி நேரம் வரை எடுக்க வேண்டும். நாலாவது மணியில் 10 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் மெதுவாகக் காலியாகிறது என்று கணக்கு. இரண்டு மணி நேரத்திலேயே நிறுத்தினால் சிலருக்கு நார்மல் என்று தப்பாக வந்துவிடும், அதனால் புக் செய்யும்போதே நாலு மணி நேரமா என்று கேளுங்கள். டெஸ்ட் அன்று சர்க்கரை ரொம்ப ஏறியிருந்தால் அதுவே இரைப்பையை மந்தமாக்கும், முடிவை நம்ப முடியாது. இரைப்பையை வேகப்படுத்துகிற மருந்து, மந்தமாக்குகிற மருந்து இரண்டையும் முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். டாக்டர் சொல்லி நிறுத்துங்கள், நீங்களாக வேண்டாம்.

இன்சுலின் போடுகிறாரா? போட்டால் ஒரு ஆபத்து உண்டு. ஊசி வேலை செய்யத் தொடங்கிவிடும், சாப்பாடு மட்டும் இரைப்பையிலேயே கிடக்கும், சர்க்கரை கீழே போய்விடும், பிறகு சாப்பாடு குடலுக்கு இறங்கியதும் எகிறும். காரணமே இல்லாமல் சர்க்கரை மேலும் கீழும் ஆடுகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, மூன்று வேளையை ஐந்தாறு சின்ன வேளையாக்குவது, கொழுப்பையும் முரட்டு நாரையும் குறைப்பது, நன்றாக மசித்தோ திரவமாகவோ எடுப்பது, சாப்பிட்டதும் படுக்காமல் இருப்பது. திட உணவு தங்குகிறவர்களுக்கும் திரவம் பெரும்பாலும் இறங்கிவிடும், என் எடை நின்றது அதனால்தான். நார்ச்சத்து நல்லது என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டு அள்ளிப்போட்டால் இந்த வியாதியில் வினையாகிவிடும்.

இரைப்பையை வேகப்படுத்த மெட்டோகுளோபிரமைடு என்ற மாத்திரை கொடுத்தால் எவ்வளவு நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நாள் எடுத்தால் முகமும் நாக்கும் தானாக அசைகிற கோளாறு வரலாம், நிறுத்திய பிறகும் சிலருக்குப் போகாது. 12 வாரத்துக்கு மேல் தவிர்க்கச் சொல்லி 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது.

அரைத்தூக்கம்:

எல்லாரும் வயிற்றையே பார்க்கிறீர்கள். வயிற்றில் ஒரு குறையும் இல்லாமல் இதே மூன்று தொல்லையும் வரும், எங்கள் வீட்டில் நடந்தது.

என் கணவருக்குக் குமட்டல், வாந்தி, எடை குறைவு, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. எண்டோஸ்கோப்பி நார்மல், மன அழுத்தம் என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு கறுத்துக்கொண்டே வந்தது, வெயில் என்று நினைத்தோம். வெயில் படாத ஈறும் உள்ளங்கை ரேகையும் ஏன் கறுக்கிறது என்று ஒரு டாக்டர் கேட்ட பிறகுதான் திசை மாறியது. உப்பை வாரிப் போட்டுச் சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார், ஆமாம், சாப்பிட்டார். அட்ரினல் சுரப்பி செயலிழந்த அடிசன் நோய். ரத்தத்தில் சோடியம் குறைவு, பொட்டாசியம் கூடுதல், அந்தச் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசால் காலையில் பார்த்தபோது அடிமட்டத்தில். மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே பசி வந்தது. இப்போது வேலைக்குப் போகிறார், மாத்திரை வாழ்நாள் முழுக்க.

அடிசன் அரிதுதான், உங்கள் அக்காவுக்கு அதுதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எளிய ரத்தப் பரிசோதனையிலேயே துப்புக் கிடைக்கக்கூடிய காரணங்கள் இத்தனை இருக்கும்போது அவற்றைப் பார்க்காமல் மனசு என்று சொல்வது எனக்கு ஆத்திரமாக வருகிறது. சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), கால்சியம், தைராய்டு, கல்லீரல், ரத்த அணுக்கள், காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசால். கால்சியம் கூடினாலும் குமட்டல் வரும், கூடவே மலச்சிக்கல், அளவில்லாத தாகம், அடிக்கடி சிறுநீர். சர்க்கரைக்காரருக்குத் தாகத்தையும் சிறுநீரையும் சர்க்கரை மேலேயே போட்டுவிடுவார்கள், அதனால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நீலவால்:

மனசை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். எனக்குப் பதற்றக் கோளாறு இருந்தது, ஒரு காலத்தில் தினமும் காலையில் ஓங்கரிப்பு, சாப்பாட்டைப் பார்த்தாலே புரட்டும், எடையும் போனது. சிகிச்சையில் சரியானது. மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு இருக்கிறது, அது பொய் இல்லை. மனச்சோர்விலும் பசி போய் எடை குறையும். உணவைத் தவிர்க்கும் கோளாறுகள் இளம்பெண்களுக்கு மட்டும்தான் வரும் என்பதும் கிடையாது.

பழைய ரேடியோ:

நீலவால் சொல்வது சரி, அதை நான் மறுக்கவில்லை. என் சண்டை வரிசையோடுதான். உடலில் தேட வேண்டியதைத் தேடிவிட்டு, பொருந்தும் அறிகுறிகளைக் கேட்டுவிட்டுப் பதற்றம் என்று சொன்னால் அது நோயறிதல். ஒன்றும் தேடாமல் சொன்னால் நோயாளியைக் கிளப்பிவிடுவது. அதோடு ஆறு மாதம் சாப்பிட முடியாமல் வாந்தி எடுக்கிற யாருக்கும் பதற்றம் வரத்தான் செய்யும், எது முதலில் வந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், அப்போது இரண்டுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான்.

சாப்பிட்ட அரைமணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி வந்து, அந்த வலிக்குப் பயந்தே சாப்பாட்டைக் குறைப்பவர்கள் உண்டு, முக்கியமாகப் புகைப்பழக்கமும் ரத்தக்குழாய் நோயும் உள்ள வயதானவர்கள். அவர்களையும் சாப்பிடப் பயம், மனசு என்று முத்திரை குத்திவிடுவார்கள். குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று அவர்களுக்குப் பார்க்க வேண்டும்.

நிழற்குடை:

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு எல்லாருக்கும் நன்றி. கேட்டவற்றுக்குப் பதில். வாந்தி பெரும்பாலும் சாயங்காலம், காலைச் சாப்பாடு அடையாளம் தெரிகிற மாதிரி வருகிறது. பச்சை நிறத்தில் வருவதில்லை. ரத்தம் இல்லை. தலைவலி இல்லை. தோல் கறுக்கவில்லை. கர்ப்பப் பரிசோதனை நெகட்டிவ்.

ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தேன், இரைப்பையில் உணவு மிச்சம் இருந்தது என்று ஒரு வரி இருக்கிறது. யாரும் அதைப் பற்றி எங்களிடம் பேசவில்லை.

மருந்து: மெட்ஃபார்மின் பல வருடமாக. டாபாகிளிஃப்ளோசின், அதுவும் சர்க்கரை மாத்திரைதான். பிறகு வாரம் ஒரு முறை சர்க்கரைக்கான செமாக்ளூடைடு ஊசி, அது தொந்தரவு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆரம்பித்தது, நடுவில் டோஸ் ஏற்றினார்கள். இன்சுலின் இல்லை. சர்க்கரை டாக்டர் வேறு, வயிற்று டாக்டர் வேறு, வயிற்று டாக்டர் மருந்துப் பட்டியல் கேட்கவில்லை. இரும்புச் சத்து மாத்திரையும் எடுக்கிறார்.

பழைய ரேடியோ:

இதைத்தான் கேட்டேன். செமாக்ளூடைடு வேலை செய்கிற வழிகளில் ஒன்றே இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது. குமட்டல், வாந்தி, எடை குறைவு மூன்றுமே அதன் தெரிந்த விளைவுகள், டோஸ் ஏற்றும்போது கூடும். இரும்பு மாத்திரையும் மெட்ஃபார்மினும் தங்கள் பங்குக்குக் குமட்டும்.

ஊசிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பத்து வருடச் சர்க்கரையால் ஏற்கெனவே இரைப்பை மந்தமாக இருந்து, ஊசி அதை வெளியே கொண்டுவந்திருக்கலாம். அடைப்பு இருக்கிறதா என்பதும் உறுதியாக வேண்டும், மிச்ச உணவு மறைத்திருந்தால் எண்டோஸ்கோப்பியைத் திரும்பப் பார்க்க வேண்டி வரலாம். எடை இவ்வளவு போயிருப்பதால் கணையத்தையும் சேர்த்து ஒரு சிடி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். ஊசியை நிறுத்தினாலும் மறுநாளே தெளிவு கிடைக்காது, ரத்தத்தில் அது பாதியாகவே சுமார் ஒரு வாரம் ஆகும், முழுக்க வெளியேறப் பல வாரம். தும்பி சொன்ன டெஸ்டையும் அந்த இடைவெளியில் எடுத்தால் மருந்தின் தாமதமா நோயின் தாமதமா என்று பிரிக்க முடியாது.

இன்னொன்று, இதுதான் அவசரம். டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர் சரியாகச் சாப்பிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகிற கீட்டோன் ரத்தத்தில் சேர்ந்து அமிலமாகும் ஆபத்து உண்டு, அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இருக்கலாம், அதனால் மீட்டரில் நல்ல எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். அதற்கும் அறிகுறி குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு. இன்றைக்கே சர்க்கரை டாக்டருக்கு போன் செய்து, வாந்தி விஷயத்தையும் எடையையும் சொல்லி, டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தி வைக்கவா, ஊசியை என்ன செய்வது, கீட்டோன் எப்போது பார்ப்பது என்று கேளுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை.

போன் செய்து பதில் வரும்வரை, இவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவு: மூச்சு வாங்குவது, தண்ணீர் கூடத் தங்காமல் சிறுநீர் நின்றுபோவது, ரத்தமோ காபித்தூள் நிறத்திலோ வாந்தி, தார் மாதிரிக் கறுத்த மலம், வயிறு உப்பிக் காற்றும் பிரியாமல் இருப்பது, குழப்பமான பேச்சு. இரட்டைப் பார்வையோ நடை தள்ளாட்டமோ வந்தால் நீண்ட நாள் வாந்தியால் பி1 வைட்டமின் தீர்ந்திருக்கலாம், உடனே ஊசியாகக் கொடுக்க வேண்டிய நிலை அது. குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் பல வாரமாக வாந்தி என்பதை முதலிலேயே சொல்லுங்கள், பி1 முன்னதாகப் போக வேண்டும்.

தும்பி:

பொட்டாசியம் பார்க்காமல் வாந்தி மருந்தை மாற்றி மாற்றிப் போடவும் வேண்டாம். வாந்தியில் பொட்டாசியம் இறங்கும், டோம்பெரிடோன், ஆண்டான்செட்ரான் இரண்டும் இதயத் துடிப்பின் லயத்தைப் பாதிக்கக் கூடியவை, இரண்டும் சேர்ந்தால் சிக்கல். ஈசிஜி ஒன்று எடுத்துவிட்டால் நிம்மதி.

பல்லையும் கவனிக்கச் சொல்லுங்கள். வாந்தி எடுத்ததும் பிரஷ் போட்டால் அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துவிடும், வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, பல் டாக்டர்தான் கடைசியில் சொன்னார்.

நிழற்குடை:

போன் செய்துவிட்டேன். டாபாகிளிஃப்ளோசினையும் இந்த வார ஊசியையும் நிறுத்தி வைக்கச் சொன்னார், நாளைக் காலை ரத்தம், கீட்டோன் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். இரைப்பை குடல் டாக்டரிடம் ரிப்போர்ட்டில் இருந்த அந்த வரியைக் காட்டச் சொன்னார். எண்டோஸ்கோப்பி திரும்ப எடுக்க வேண்டி வரலாம் என்றும் சொன்னார்.

பழைய ரேடியோ:

நல்லது. எடுப்பதாக இருந்தால் மயக்கம் கொடுப்பவரிடம் ஊசி கடைசியாக எந்தத் தேதியில் போட்டது என்பதையும், போன தடவை பட்டினி இருந்தும் இரைப்பையில் உணவு இருந்தது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது, அதற்காகத் திட உணவை முந்தின நாளே நிறுத்தித் திரவத்தில் மட்டும் வைக்கச் சொல்லலாம். ரத்த ரிசல்ட் வந்ததும் பொட்டாசியமும் கிரியேட்டினினும் எவ்வளவு என்று போடுங்கள்.